மடல்களும் மலைகளும்: கிளஃப் வில்லியம்ஸ்-எல்லிஸும் வேல்ஸ் நாட்டுப்புறப் பேணலும்

கடிதங்களை ஆராய்வோர் பொதுவாக அவற்றை எழுதியவரின் உள்ளத்தை அறியும் பொருட்டே அவற்றை நாடுவர். உறவினர்க்கும் நண்பர்க்கும் எழுதப்பட்ட மடல்களில் ஒருவரது உண்மை உருவம் வெளிப்படும் என்பது அவர்களது நம்பிக்கை. ஆயின், எல்லாக் கடிதங்களும் அந்தரங்கமானவை அல்ல. அமைச்சருக்கும் அதிகாரிக்கும் விடுக்கப்படும் விண்ணப்பம், நிலவுடைமையாளருக்கு எழுதப்படும் வேண்டுகோள், பத்திரிகை ஆசிரியரை விளித்து நாடு முழுவதும் வாசிக்குமாறு எழுதப்படும் பகிரங்க மடல் ஆகியனவும் கடிதங்களே. இத்தகைய கடிதங்களை மதிப்பிடுகையில், எழுதியவர் யார் என்பதிலும் பார்க்க, அவை யாரை நோக்கி எழுதப்பட்டன என்பதே முதன்மையான வினாவாக அமைகின்றது. நமது மரபிலே புரவலரை விளித்துப் புலவர் விடுத்த சீட்டுக்கவிகளை நோக்கின் இவ்வுண்மை புலப்படும். விளிக்கப்படுபவரின் செல்வமும் சுவையும் சீட்டுக்கவியின் சொல்லையும் பொருளையும் பெருமளவு நிர்ணயித்து விடுகின்றன.

இந்நோக்கில், வேல்ஸ் நாட்டுப்புறத்தைப் பேணுவதற்காக அரை நூற்றாண்டுக்கு மேலாகப் பேனா பிடித்த கட்டடக் கலைஞர் சேர் கிளஃப் வில்லியம்ஸ்-எல்லிஸின் எழுத்துப் பணியை மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். அவர் 1883இல் இங்கிலாந்தின் நோத்தம்ரன்ஷயரில் பிறந்தவர். எனினும், குழந்தைப் பருவத்திலேயே வட வேல்ஸிலுள்ள குடும்ப நிலத்துக்கு வந்து சேர்ந்தவர். கேம்பிரிட்ஜில் பட்டம் பெறாது வெளியேறினார். லண்டன் கட்டடக்கலைச் சங்கத்தின் கல்லூரியிலும் சில மாதங்களே பயின்றார். 1908இல் பிளாஸ் பிரொண்டனு என்னும் பரம்பரை மாளிகை அவர் வசமாயிற்று. 1915இல் அவர் மணந்த எழுத்தாளர் அமபெல், ‘ஸ்பெக்டேட்டர்’ சஞ்சிகையின் ஆசிரியராயிருந்த சென்ற் லோ ஸ்ட்றேச்சியின் மகளாவார். நிலமும் பத்திரிகையுலகமும் இவ்வாறு அவரது வாழ்விலே ஒருங்கு கூடின. அவரது மடல்கள் எங்கே சென்றடைந்தன, எவ்வாறு வரவேற்கப்பட்டன என்பவற்றை விளங்கிக்கொள்ள இப்பின்னணி இன்றியமையாதது.

1951 டிசெம்பரில் பிளாஸ் பிரொண்டனு தீக்கிரையானது. அவரது நூலகமும் வரைபடங்களும் தாள்களும் அத்தீயில் பெருமளவு அழிந்தன. மாளிகை சில ஆண்டுகளுள் மீள எழுந்தது, தாள்கள் மீளவில்லை. எனவே, அக்காலத்துக்கு முற்பட்ட அவரது கடிதப் போக்குவரத்தை அறிய விரும்புவோர், பெற்றவர்களின் பக்கத்திலிருந்தே அதனை நோக்க வேண்டியவராகின்றனர். பழைய பத்திரிகைகளின் பக்கங்களும், இயக்கங்களின் கோப்புகளும், அபரிஸ்ட்வித்திலுள்ள வேல்ஸ் தேசிய நூலகத்தில் வைக்கப்பட்டிருக்கும் நாட்டுப்புறப் பேணல் இயக்கத்தின் ஆவணங்களும் இதற்கு உதவுவன. தற்செயலான இவ்விபத்து ஆய்வாளருக்கு ஒரு பாடத்தைக் கற்பிக்கின்றது. எழுதியவரின் மேசையிலன்றி, பெற்றவரின் மேசையிலேயே கடிதம் தனது வரலாற்றுப் பணியைச் செய்கின்றது.

அவரது எழுத்துப் பணியின் மையமாக விளங்கும் ஆண்டு 1928 ஆகும். ‘இங்கிலாந்தும் ஒக்டோபஸும்’ என்ற அவரது நூல் அவ்வாண்டிலேயே வெளிவந்தது. வேல்ஸ் நாட்டுப்புறப் பேணற் சபை நிறுவப்பட்டதும் அவ்வாண்டிலேயே. அதன் நிறுவுநர்களுள் ஒருவராகவும், நெடுங்காலம் அதன் தலைவராகவும் அவர் பணியாற்றினார். முதலாம் உலகப் போரின் பின்னர் மோட்டார் வாகனம் பெருகியது. நகரத்திலிருந்து வெளிச்செல்லும் வீதிகளின் இருமருங்கும் வீடுகள் நாடாப் போல நீண்டன. விளம்பரப் பலகைகளும் பெற்றோல் நிலையங்களும் வயல்வெளிகளை மறைத்தன. கட்டுப்பாடின்றிக் கரங்களை நீட்டி நிலத்தை விழுங்கும் நகரத்தையே அவர் ஒக்டோபஸாக உருவகித்தார். இவ்வுருவகத்தின் ஆற்றல் அதன் எளிமையிலேயே உள்ளது. பொருளாதார அறிக்கைகள் சொல்ல முடியாததை ஒரு பிராணியின் உருவம் வாசகர் மனத்தில் பதித்துவிட்டது. அந்நூலை வாசித்துக் கிளர்ச்சியுற்ற இளம் பெண்கள் சிலர், ‘பெர்கசன் குழு’ என்ற பெயரில் முகமூடியணிந்தும் புனைபெயர் பூண்டும் பணந் திரட்டி, அழியவிருந்த பழைய கட்டடங்களை மீட்டுத் தேசிய நம்பிக்கை நிதியத்திடம் ஒப்படைத்தனர். சரே மாவட்டத்து ஷல்போட் ஆலை 1932இல் இவ்வாறு காப்பாற்றப்பட்டது. ஒரு கண்டன நூல் தன் வாசகரைச் செயலுக்குத் தூண்டியமைக்கு இதனிலும் சிறந்த சான்று வேண்டியதில்லை.

ஈண்டு எமது நாட்டோடு தொடர்புடைய ஒரு செய்தியையும் குறிப்பிடுதல் பொருந்தும். வேல்ஸ் சபைக்கு இரண்டாண்டுகள் முன்னதாக, 1926இல், இங்கிலாந்தின் நாட்டுப்புறப் பேணற் சபை தோன்றுவதற்கு முன்னின்று உழைத்தவர் நகரத் திட்டமிடலாளர் பற்றிக் அபகுறொம்பி ஆவார். 1940களில் பேராதனைப் பல்கலைக்கழக வளாகத்துக்குத் திட்டம் வகுத்தவர்களும், கொழும்புப் பிரதேசத்துக்கான 1948ஆம் ஆண்டுத் திட்டத்தை ஆக்கியவரும் என்ற வரிசையில் அவரது பெயர் எமக்குப் பரிச்சயமானதே. மலைச்சாரலையும் ஆற்றையும் மரங்களையும் குலைக்காது கட்டடங்களை அமைத்தல் என்ற பேராதனையின் கோட்பாடு, வேல்ஸிலும் இங்கிலாந்திலும் நடைபெற்ற இவ்விவாதங்களோடு ஒரே கருத்துலகைச் சேர்ந்தது. ஆகவே, இப்பொருள் எமக்கு முற்றிலும் அந்நியமானதன்று.

வில்லியம்ஸ்-எல்லிஸின் வாதமுறையை நுணுகி நோக்கின், அதன் அடியிலே ஒழுக்கம் அல்லது பண்பு என்ற கருத்து நிற்பதைக் காணலாம். கட்டடங்களுக்கும் நல்லொழுக்கம், தீயொழுக்கம் உண்டு என்ற கருத்து அக்காலத்தில் பரவலாயிருந்தது. வேல்ஸிற் பிறந்த மற்றொரு கட்டடக்கலை எழுத்தாளரான ட்றிஸ்டன் எட்வேட்ஸ் 1924இல் அத்தலைப்பிலேயே ஒரு நூலை எழுதியிருந்தார். அயலாரோடு இசைந்து நிற்பதே நல்ல கட்டடம். சத்தமிட்டுக் கவனத்தை ஈர்ப்பது பண்பற்ற கட்டடம். இவ்வாதம் கேட்பதற்கு இனியது, பயனுடையதும் கூட. ஆயின், பண்பு என்பது எவரது பண்பு? வேலைக்காகப் புறநகரில் ஒரு சிறு வீடு கட்டிய எழுதுவினைஞனுக்கு, அவ்வீடு வாழ்நாளில் முதன்முறை கிடைத்த காற்றும் வெளிச்சமும் ஆகும். மாளிகையின் சாளரத்தினூடு பார்ப்பவருக்கு அது காட்சியைக் கெடுக்கும் சிவப்புக் கூரை. இவ்விரண்டு பார்வைகளுக்குமிடையே நடுவராயிருந்து தீர்ப்பளிக்கும் நிலையில் ‘பண்பு’ என்ற சொல் இல்லை. அது ஏற்கெனவே ஒரு பக்கத்தைச் சார்ந்துவிட்ட சொல்லாகும்.

எனினும், அம்மடல்களின் வெற்றியை எவரும் மறுத்தல் இயலாது. 1935இல் நாடாமுறை வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் சட்டம் நிறைவேறியது. 1937இல் வில்லியம்ஸ்-எல்லிஸ் தொகுத்த ‘பிரித்தானியாவும் விலங்கும்’ என்ற கட்டுரைத் தொகுதியில் பொருளியலாளர் கெய்ன்ஸ், நாவலாசிரியர் ஈ. எம். போஸ்டர், வரலாற்றாசிரியர் ட்றெவெலியன் ஆகியோர் எழுதினர். தனி ஒருவரின் முறைப்பாடு அறிஞர் குழாமொன்றின் குரலாக மாறியதை இது உணர்த்தும். போரின் பின்னர் தேசியப் பூங்காக்கள் பற்றி ஆராய்ந்த ஹொப்ஹவுஸ் குழுவில் அவர் உறுப்பினராயிருந்தார். அதன் அறிக்கை 1947இல் வெளிவந்தது. தேசியப் பூங்காக்கள் சட்டம் 1949இல் நிறைவேறியது. 1951 ஒக்டோபரில் வேல்ஸின் முதலாவது தேசியப் பூங்காவாக ஸ்னோடோனியா பிரகடனப்படுத்தப்பட்டது. 2,100 சதுர கிலோமீற்றருக்கு மேற்பட்ட மலைநிலம் சட்டத்தின் பாதுகாப்பைப் பெற்றது. பத்திரிகைக்கு எழுதும் கடிதங்கள் காற்றிற் கலந்துபோவன என்போருக்கு இவ்வரலாறு தக்க விடையாகும்.

அவர் எழுத்தால் மட்டும் வாதாடியவரல்லர். 1925இல் தொடங்கி, போர்க்கால இடைவெளி நீங்கலாக, 1970களின் நடுப்பகுதி வரை டுய்ரிட் கழிமுகத்தின் கரையில் அவர் எழுப்பிய போட்மெய்ரியன் கிராமம், கல்லாலும் சுண்ணத்தாலும் எழுதிய ஒரு பகிரங்க மடல் எனலாம். அழகிய நிலமொன்றை அதன் அழகு கெடாமலே அபிவிருத்தி செய்ய முடியும் என்பதை மெய்ப்பிப்பதே அதன் நோக்கமாயிருந்தது. இடிக்கப்பட்ட கட்டடங்களின் உறுப்புகளை அவர் வாங்கிவந்து அங்கே பொருத்தினார். பிளின்ற்ஷயரின் எம்றல் மாளிகை 1936இல் தகர்க்கப்பட்டபோது, அதன் பதினேழாம் நூற்றாண்டுச் சுதைவேலைப்பாடு கொண்ட விதானம் இவ்வாறு உயிர் பிழைத்தது. பிறிஸ்டல் நகரத்தின் தூண்வரிசையொன்றும் அங்கே புகலிடம் பெற்றது. இத்தாலியக் கடற்கரையை நினைவூட்டும் கோபுரங்களும் வண்ணச் சுவர்களும் இன்றும் உல்லாசப் பயணிகளை ஈர்க்கின்றன. அமெரிக்க விமர்சகர் லூயிஸ் மம்பர்ட் அதனைப் பாராட்டி எழுதினார்.

ஆனால், ஒரு கேள்வி எஞ்சி நிற்கின்றது. வேல்ஸ் மண்ணில் எழுந்த இக்கிராமத்தில் வேல்ஸ் கிராமத்தின் சாயல் எங்கே? சுற்றியுள்ள மலைக்கிராமங்களில் மக்கள் கூடிய சிற்றாலயங்களும் கற்பலகைச் சுரங்கத் தொழிலாளரின் வரிசை வீடுகளும் இருந்தன. போட்மெய்ரியனோ உறைவிடமாக அன்றி விடுதியாகவே தொடங்கியது. நுழைவுக் கட்டணஞ் செலுத்திக் காணும் இடமாகவே நிலைத்தது. பேணலின் முன்மாதிரியாக அமைக்கப்பட்ட கிராமத்தில் பேணப்பட வேண்டிய சமூகம் ஒன்று இருக்கவில்லை. அவரது எழுத்திலே மறைந்து நிற்கும் குறைபாட்டைக் கல் வெளிப்படையாகச் சொல்லிவிடுகின்றது.

இம்முரண்பாட்டின் மற்றொரு சின்னம் ஸ்னோடன் மலையுச்சியில் இருந்தது. 1,085 மீற்றர் உயரமுள்ள அச்சிகரத்தில், 1896 முதல் இயங்கும் மலைப் புகையிரதத்தின் பயணிகளுக்காக, 1930களின் நடுப்பகுதியில் அமைக்கப்பட்ட கட்டடத்தின் வடிவமைப்பாளர் வில்லியம்ஸ்-எல்லிஸே ஆவார். காற்றும் மழையும் அதனைச் சிதைத்தன, பிற்காலத்தில் அது பலரது கண்டனத்துக்கு இலக்காயிற்று, 2006இல் இடிக்கப்பட்டது. 2009இல் அவ்விடத்தில் ‘ஹவொட் எரரி’ என்ற புதிய கட்டடம் திறக்கப்பட்டது. இதனைக் காட்டி அவரை வேடதாரி எனக் கூறுவது எளிது, ஆனால் நியாயமன்று. தடை செய்வதன்று, செம்மையாகச் செய்வதே அவரது கொள்கை. எந்த இடத்திலும் நல்ல கலைஞன் ஒருவன் நன்றாகக் கட்ட முடியும் என அவர் நம்பினார். அந்நம்பிக்கை கழிமுகத்தில் வென்றது, சிகரத்திலே தோற்றது.

அவரது மடல்கள் யாரைச் சென்றடைந்தன என்ற வினாவுக்கு 1936ஆம் ஆண்டு மிகக் கூர்மையான விடையைத் தருகின்றது. லீன் குடாநாட்டின் பெனிபெர்த் என்னும் இடத்தில் விமானப்படைக்கான குண்டுவீச்சுப் பயிற்சிக் கூடமொன்றை அமைக்க அரசு தீர்மானித்தது. வேல்ஸ் மக்களின் எதிர்ப்பைத் தெரிவிக்க முனைந்த தூதுக்குழுவைச் சந்திக்கப் பிரதமர் போல்ட்வின் மறுத்தார். செப்டெம்பர் 8ஆம் திகதி நாடகாசிரியர் சோண்டர்ஸ் லூயிஸ், மதகுரு லூயிஸ் வலன்டைன், சிறுகதையாசிரியர் டி. ஜே. வில்லியம்ஸ் ஆகிய மூவரும் அங்கு கிடந்த கட்டடப் பொருள்களுக்குத் தீ வைத்துவிட்டுத் தாமாகவே பொலிசாரிடம் சரணடைந்தனர். கனார்வனில் யூரிமார் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. வழக்கு லண்டனுக்கு மாற்றப்பட்டு, 1937 ஜனவரியில் ஒவ்வொருவருக்கும் ஒன்பது மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. இங்கிலாந்தில் பறவைகளையும் தொன்மைச் சின்னங்களையும் முன்வைத்து எழுந்த ஆட்சேபங்களுக்குச் செவிசாய்த்த அரசு, வேல்ஸில் ஒரு மொழியின் வாழ்விடத்தை முன்வைத்து எழுந்த ஆட்சேபத்தைப் புறக்கணித்தது என்பதே சோண்டர்ஸ் லூயிஸின் வாதமாயிருந்தது.

இவ்வாதம் எமது பொருளின் நடுநாடியைத் தொடுகின்றது. அன்னத்துக்காகவும் அரண்மனைக்காகவும் எழுதப்பட்ட மடல் உரிய கதவைச் சென்றடைந்தது. ஏனெனில், எழுதியவரும் பெற்றவரும் ஒரே சுவையில் வளர்ந்தவர்கள். உழவனின் மொழிக்காக எழுதப்பட்ட விண்ணப்பம் கதவருகிலேயே நின்றது. வில்லியம்ஸ்-எல்லிஸின் மடல்களுக்கு வாய்த்த வெற்றி அவற்றின் நடைநயத்தால் மாத்திரம் வந்ததன்று. விளிக்கப்பட்டவரோடு எழுதியவருக்கிருந்த உறவாலும் வந்தது.

பூங்காச் சட்டத்தின் பின்னரும் இந்நிலை முற்றாக மாறவில்லை. லிவர்பூல் நகரத்துக்கு நீர் வழங்கும் பொருட்டு ட்ரிவெரின் பள்ளத்தாக்கை மூழ்கடிக்கும் சட்டமூலம் 1957இல் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. அதற்கு ஆதரவாக வேல்ஸ் உறுப்பினர் ஒருவரேனும் வாக்களிக்கவில்லை. 1965இல் கப்பெல் கெலின் என்ற வேல்ஸ் மொழிக் கிராமம் தன் ஆலயத்தோடும் பாடசாலையோடும் நீருள் மறைந்தது. இன்று அந்நீர்த்தேக்கம் தேசியப் பூங்காவின் எழில்மிகு காட்சிகளுள் ஒன்று. அழகு கெடவில்லை, ஊர்தான் இல்லை. இதற்கு மறுதலையாக, பூங்காவின் நடுவே ட்ரவ்ஸ்வினித்தில் அணுமின் நிலையம் 1965இல் இயங்கத் தொடங்கியபோது, சுற்றாடல் பேணுவோர் எதிர்த்த அத்திட்டத்தை, தொழிலின்றித் தவித்த உள்ளூர் மக்கள் பலர் வரவேற்றனர். காட்சியை மட்டும் அளவுகோலாகக் கொள்ளின் முதலாவது நிகழ்வை வெற்றியெனவும் இரண்டாவதைத் தோல்வியெனவும் கூற நேரிடும். அளவுகோலின் போதாமைக்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

தமிழ் மாணவராகிய எமக்கு இப்போதாமையை விளக்க ஒரு கருவி உண்டு. தொல்காப்பியம் நிலத்தை முதற்பொருள் எனக் கூறியதோடு அமையவில்லை. அந்நிலத்து மக்கள், தொழில், உணவு, பறை, யாழ், தெய்வம் ஆகியவற்றைக் கருப்பொருள் எனவும், அவர்தம் ஒழுக்கத்தை உரிப்பொருள் எனவும் வகுத்து, மூன்றும் கூடியதையே திணை என்றது. கருப்பொருள் நீங்கிய நிலம் திணையாகாது. வில்லியம்ஸ்-எல்லிஸ் முதற்பொருளைப் பேரன்போடு கண்டவர்; அதன் ஒவ்வொரு மடிப்பையும் ஓவியனின் கண்ணால் அளந்தவர். ஆயின், அவர் மடல்களின் தாக்கம் பெரிதும் முதற்பொருளின் எல்லைக்குள்ளேயே நின்றது. மலையைக் காத்த சட்டம், அம்மலைக்குப் பெயரிட்ட மொழியைக் காக்க அறியவில்லை. 1921இல் வேல்ஸ் மக்களுள் 37.1 வீதத்தினர் வேல்ஸ் மொழி பேசினர். 1961இல் அது 26 வீதமாகவும் 2021இல் 17.8 வீதமாகவும் வீழ்ந்தது.

இவ்வாறு கூறுவதால், நிலவுடைமை வர்க்கத்தின் சுவையே இவ்வியக்கம் என ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுதல் பொருந்துமா? அத்தகைய முடிவு எமது விமர்சன உலகில் வழக்கமானதே. ஆயினும், உண்மைகள் அதற்கு இடந்தரவில்லை. 1932 ஏப்ரலில் மன்செஸ்ரர்ப் பகுதித் தொழிலாளர் இளைஞர்கள் கிண்டர் ஸ்கௌற் மலையில் தடையை மீறி நுழைந்து சிறை சென்றனர். திறந்த வெளியும் தூய காற்றும் மாளிகைவாசிகளின் ஆசை மாத்திரமல்ல என்பதை அவர்கள் நிரூபித்தனர். 1949ஆம் ஆண்டுச் சட்டத்தில் பேணல் என்ற சொல்லோடு மக்கள் நுழையும் உரிமையும் இடம்பெற்றமைக்கு அவர்களது கால்களும் காரணம். மனு எழுதிய கரங்களும் மலையேறிய கால்களும் ஒரே சட்டத்தில் வந்து சேர்ந்தன. ஒரு வர்க்கத்தின் கருவியாகப் பிறந்த சட்டம் வேறு மக்களின் கேடயமாகவும் பயன்படக்கூடும். இயங்கியல் நோக்கு என்பது இதனையும் காண்பதேயாகும்.

பிற்காலம் அக்குறையை ஓரளவு உணர்ந்துகொண்டது. 1995ஆம் ஆண்டுச் சுற்றாடற் சட்டம், இயற்கை எழிலோடு பண்பாட்டு மரபையும் பூங்காக்களின் நோக்கங்களுட் சேர்த்தது; அங்கு வாழும் சமூகங்களின் பொருளாதார, சமூக நலனைக் கருதும் கடமையையும் பூங்கா அதிகார சபைகளுக்கு விதித்தது. 2021இல் வடமேற்கு வேல்ஸின் கற்பலகைச் சுரங்க நிலத்தோற்றம் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. கழிவுக் குவியல் எனக் கருதப்பட்டவை உழைப்பின் சின்னங்களாக ஏற்கப்பட்டன. 2022 நவம்பரில் பூங்கா அதிகார சபை, ஸ்னோடன், ஸ்னோடோனியா என்ற ஆங்கிலப் பெயர்களை விடுத்து அர் உயித்வா, எரரி என்ற வேல்ஸ் பெயர்களையே வழங்கத் தீர்மானித்தது. எனினும், பேணப்பட்ட அழகே விலைபொருளாகி, விடுமுறை இல்லங்களை வாங்குவோர் பெருக, உள்ளூர் இளைஞர் தம் ஊரிலேயே வீடு வாங்க இயலாத நிலை வட வேல்ஸின் தீராத பிரச்சினையாக உள்ளது. ஒக்டோபஸின் கரங்களை வெட்டிய பின்னரும் அது வேறு உருவில் மலையேறி வந்திருக்கின்றது.

1972இல் வில்லியம்ஸ்-எல்லிஸ் சேர் பட்டம் பெற்றார். 1978இல் தமது தொண்ணூற்று நான்காவது வயதில் காலமானார். அவரது எழுத்துகள் இன்றி எரரியின் சரிவுகள் இன்றுள்ள நிலையில் இருந்திருக்கும் எனக் கூறுதல் இயலாது. அதற்காக அவர் நன்றிக்குரியவர். அதேவேளை, நிலத்துக்காகப் பேசுவோர் அந்நிலத்தில் வாழ்வோரைத் தமது மடலின் பொருளாக மாத்திரமன்றி, அதனைப் பெறுபவராகவும், உடன் எழுதுபவராகவும் கொள்ளாதவிடத்து, காக்கப்படுவது நிலத்தின் தோற்றமாகவே அமையும் என்பதையும் அவரது வெற்றியே எமக்கு உணர்த்துகின்றது. கப்பெல் கெலினில் வாழ்ந்தோர் லிவர்பூல் மாநகரசபைக்கு விடுத்த வேண்டுகோள்களும் கடிதங்களே. அவற்றையும் போட்மெய்ரியன் கலைஞரின் மடல்களையும் அருகருகே வைத்து, எவை ஏற்கப்பட்டன, எவை ஏன் மறுக்கப்பட்டன என ஒப்புநோக்கும் ஆய்வே இத்துறையில் இனி மேற்கொள்ளப்பட வேண்டியது.